சுழலும் பம்பரத்தில் ஒரு கண்

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

காட்டில் மூண்ட தீயை ஓர் ஆறு தடுத்து நிறுத்தலாம்; ஒரு பாறைத் தொடர் தடுத்து நிறுத்தலாம். அந்தத் தீ எழுப்பிய புகையைத் தடுத்து நிறுத்தும் வேலி இவ்வுலகில் உண்டா? காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் அது போகும். நாடுகளின் எல்லைக் கோடுகளை அது அறியாது. பெருங்கடலையும் கடந்து அயலான் வீட்டுச் சாளரத்துக்குள் நுழையும். அப்படிப் போகும் புகையை வானத்தின் உச்சியில் இருந்துகொண்டு இமைக்காமல் பார்க்கும் கண் ஒன்று இன்று மனிதனிடம் இருக்கிறது. அந்தக் கண்ணை நமக்குத் தந்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் வெர்னர் சுவோமி. செயற்கைக் கோள் வானிலையியலின் தந்தை என்று அறிவியல் உலகம் அவரைப் போற்றுகிறது. ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பூமி முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் கருவியை அமைத்த அந்த மாமனிதரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

கண் இல்லாத காலம்

அந்தக் கண் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் அதன் அருமை விளங்கும்.

1950ஆம் ஆண்டு கனடா நாட்டின் மேற்குப் பகுதியில், பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாநிலங்களின் எல்லையை ஒட்டி ஒரு பெருந்தீ மூண்டது. சின்சாகா தீ என்று வரலாற்றில் அதற்குப் பெயர். கோடை முழுவதும் எரிந்து 14 லட்சம் ஹெக்டேர் அளவுக்குக் காட்டை அது அழித்தது. அந்தக் காடுகளில் மக்கள் குடியிருப்பு மிகக் குறைவு. ஆகவே தீயைப் பற்றி வெளியுலகம் அதிகம் கவலைப்படவில்லை.

ஆனால் செப்டம்பர் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்த கிழக்குக் கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களிலும் பட்டப்பகலில் இருள் சூழ்ந்தது. வீடுகளில் விளக்கேற்றினார்கள். பொழுது சாய்ந்துவிட்டதென்று எண்ணிக் கோழிகள் அடைந்துவிட்டன. புகை மிக உயரத்தில் பரவியிருந்ததால் பல ஊர்களில் அதன் மணமும் தெரியவில்லை. எனவே மக்கள் பலவாறு அஞ்சினார்கள். இது கிரகணமோ என்றனர் சிலர். அணுகுண்டு வெடித்துவிட்டதோ என்று நடுங்கினர் சிலர். இரண்டு நாட்கள் கழித்து அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்து மக்கள் வானத்தில் நீல நிறச் சூரியனைக் கண்டு திகைத்தார்கள்.

சூரியன் நீலமாவது எப்படி? இயற்பியல் மாணவர்கள் சிறிது சிந்திக்கலாம். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும்; அதனால்தான் மாலைச் சூரியன் சிவக்கிறது. துகள்கள் எல்லாம் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரு மைக்ரான் பருமனில் அமைந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. சிவப்பு ஒளி அதிகமாகச் சிதறி விலக, நீலம் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. கனடாவின் புகையில் அத்தகைய துகள்கள் இருந்தன.

அந்தப் புகை வந்த வழியை அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த ஹாரி வெக்ஸ்லர் போன்ற அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்து எழுதினார்கள். புகை வந்துபோன பிறகு கிடைத்த விளக்கம் அது. புகை வரும்போது அதைப் பார்க்க எவரிடமும் கண் இல்லை. ஆங்காங்கே தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் தலைக்கு மேலிருந்த இருட்டு மட்டுமே தெரிந்தது.

அந்த 1950ஆம் ஆண்டில் வெர்னர் சுவோமி விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் இளம் ஆசிரியர். வயது 34.

இரும்புச் சுரங்க ஊரில்

வெர்னர் எட்வர்ட் சுவோமி 1915ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அமெரிக்காவின் மின்னெசோட்டா மாநிலத்தில் ஈவ்லெத் என்னும் ஊரில் பிறந்தார். அது இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த மெசாபித் தொடரில் உள்ள ஊர். பிழைப்புத் தேடிப் பின்லாந்து நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் அப்பகுதியில் ஏராளம். சுவோமியின் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே. சுவோமி என்ற சொல்லுக்கே பின்னிய மொழியில் பின்லாந்து என்றுதான் பொருள். தந்தையார் சுரங்க நிறுவனத்தில் தச்சு வேலை பார்த்தார். ஏழு மக்களுள் ஆறாவதாகப் பிறந்தவர் வெர்னர்.

அவர் பிறந்த மாநிலம் காட்டுத்தீயை நன்கு அறிந்த மாநிலம். அவருக்கு மூன்று வயது நிறைவதற்கு முன், 1918ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஈவ்லெத்துக்குத் தெற்கே குளோக்கே என்னும் பகுதியில் பெருந்தீ பரவியது. ஒரே நாளில் 453 உயிர்கள் மாண்டன. அழிந்த சிற்றூர்களில் பின்லாந்துக் குடியேறிகளின் ஊர்களும் இருந்தன. தீ எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்ல அங்கே யாருமில்லை. புகை நடுவே எந்தச் சாலையில் ஓடினால் பிழைக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. சுவோமியின் பிற்கால ஆராய்ச்சிக்கு இந்தத் தீயே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மண்ணில் அவர் பிறந்தாரோ அந்த மண்ணின் துன்பத்துக்கே அவருடைய அறிவு பிற்காலத்தில் மருந்தாயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சிறு வயது முதலே கருவிகளைப் பிரிப்பதிலும் பூட்டுவதிலும் அவருக்குத் தணியாத ஆவல். ஆனால் குடும்பச் சூழ்நிலையில் பெரிய பல்கலைக் கழகங்களை நாட வழியில்லை. வினோனா நகரில் இருந்த ஆசிரியர் கல்லூரியில் படித்து 1938இல் பட்டம் பெற்றார். பிறகு நான்கு ஆண்டுகள் மின்னெசோட்டாவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக அறிவியலும் கணிதமும் கற்பித்தார். அவர் வாழ்க்கை அங்கேயே அமைந்திருக்கலாம். நல்லாசிரியர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் அந்தப் பாதையை மாற்றியது. 1942இல் விமானம் ஓட்டுவோருக்கான வகுப்பு ஒன்றில் அவர் சேர்ந்தார். அங்கே வானிலையைப் பற்றிய பாடம் இருந்தது. அந்தப் பாடம் அவரை ஆட்கொண்டது. வேலையை விட்டுவிட்டுச் சிக்காகோ பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். அங்கே வானிலையியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் சுவீடன் நாட்டில் பிறந்த கார்ல் குஸ்தாவ் ராஸ்பி என்னும் பேரறிஞர். உயர் வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று, பெரிய அலைகளாக நெளிந்து செல்வதை விளக்கியவர் அவர். கனடாவின் புகையை ஸ்காட்லாந்து வரை சுமந்து சென்றதும் அந்த மேற்குக் காற்றே. அந்த ஆசானிடம் பயின்ற சுவோமி, போர்க்காலத்தில் வானிலைப் பயிற்சி பெற வந்த வீரர்களுக்குத் தாமும் கற்பித்தார்.

சோள வயலில் தொடங்கிய கணக்கு

1948இல் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரப் பல்கலைக் கழகத்தில் வானிலையியல் துறை தொடங்கியபோது, அதை ரீட் பிரைசன் என்பவரோடு சேர்ந்து கட்டி வளர்க்கும் பொறுப்பு சுவோமிக்குக் கிடைத்தது. பிரைசன் பிற்காலத்தில் நம் நாட்டு இராசஸ்தான் பாலைவனத்தின் மேல் கவிந்திருக்கும் தூசு மங்கலையும் ஆராய்ந்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி.

சுவோமியின் டாக்டர் பட்ட ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? ஒரு மக்காச்சோள வயலின் வெப்ப வரவு செலவைப் பற்றியது! வயலின் மேல் எவ்வளவு சூரிய ஆற்றல் விழுகிறது, எவ்வளவு திரும்பிப் போகிறது, எவ்வளவு மண்ணில் இறங்குகிறது, எவ்வளவு நீரை ஆவியாக்கச் செலவாகிறது என்று கருவிகளை வைத்து அளந்தார். 1953இல் சிக்காகோ பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

ஒரு வயலுக்கு வரவு செலவுக் கணக்கு எழுத முடியுமானால் முழு பூமிக்கும் எழுத முடியாதா? இந்த எண்ணமே அவரை வயலிலிருந்து வானத்துக்கு இட்டுச் சென்றது. பூமிக்கு வரும் ஆற்றலையும் பூமியிலிருந்து வெளியேறும் ஆற்றலையும் அளக்க வேண்டுமானால் பூமிக்கு வெளியே போய் நிற்க வேண்டும். 1957-58இல் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடப்பட்டபோது அதற்கு வாய்ப்பு வந்தது. அதே பல்கலைக் கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் ராபர்ட் பேரண்ட் அவருக்குத் துணை நின்றார். இருவரும் சேர்ந்து ரேடியோமீட்டர் என்னும் கருவியை அமைத்தார்கள்.

அக்கருவி மிக எளிமையானது. கருப்பு வண்ணம் பூசிய உணர்பொருள் ஒன்று. வெள்ளை வண்ணம் பூசியது ஒன்று. கருப்பு, சூரிய ஒளியையும் பூமியின் வெப்பக் கதிரையும் ஒருசேர ஏற்கும். வெள்ளை, சூரிய ஒளியைத் திருப்பிவிட்டு வெப்பக் கதிரை மட்டும் ஏற்கும். இரண்டின் வெப்பநிலையையும் ஒப்பிட்டால் கணக்கு கிடைத்துவிடும். நம் ஆய்வுக்கூடத்திலும் செய்து பார்க்கக்கூடிய தத்துவம்தான்.

இருமுறை வீழ்ந்தும்

எளிய கருவியை வானத்தில் ஏற்றுவது எளிதாக இல்லை. 1959 ஜூன் 22ஆம் நாள் அக்கருவியைச் சுமந்து சென்ற வான்கார்ட் ராக்கெட் பழுதுபட்டுக் கடலில் விழுந்தது. ஆண்டுக் கணக்கான உழைப்பு அலைகளுக்கு அடியில் போயிற்று. ஒரு மாதத்துக்குள், ஜூலை 16ஆம் நாள், இன்னொரு ராக்கெட் புறப்பட்டது. மேலெழுந்த சில நொடிகளிலேயே அது நிலைகுலைந்து சாய்ந்தது. மக்களுக்கு ஆபத்து நேரக் கூடாதென்று பாதுகாப்பு அதிகாரி அதை வெடிக்கச் செய்துவிட்டார். இரண்டாவது கருவியும் சாம்பலாயிற்று.

சுவோமி சோர்ந்து உட்காரவில்லை. மூன்று மாதங்களுக்குள் மூன்றாவது முயற்சி. 1959 அக்டோபர் 13ஆம் நாள் எக்ஸ்புளோரர்-7 வெற்றியுடன் விண்ணில் ஏறியது. செயற்கைக் கோளிலிருந்து பூமியின் தட்பவெப்பம் பற்றிச் செய்யப்பட்ட முதல் வெற்றிகரமான ஆராய்ச்சி அதுவே. மேகங்கள் பூமியின் வெப்பம் வெளியேறுவதை எவ்வாறு தடுக்கின்றன என்பது முதன்முதலாக விண்ணிலிருந்து தெரியவந்தது. பின்னர் வந்த செயற்கைக் கோள்களின் அளவைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, அறிஞர்கள் முன்பு எண்ணியதைவிடப் பூமி அதிகமான சூரிய ஆற்றலை ஏற்கிறது என்ற உண்மையும் வெளிப்பட்டது.

குறையே கருவியாயிற்று

1960 ஏப்ரல் 1ஆம் நாள் டைரோஸ்-1 என்னும் வானிலைச் செயற்கைக் கோள் ஏவப்பட்டு மேகங்களின் படங்களை அனுப்பியது. உலகம் வியந்தது. ஆனால் சுவோமியின் மனம் நிறைவடையவில்லை. ஏன்?

தாழ்வான பாதையில் செல்லும் செயற்கைக் கோள் ஓர் இடத்துக்கு மேல் சில நிமிடங்களில் பறந்து போய்விடும். மீண்டும் அதே இடத்தைப் பார்க்கப் பல மணி நேரம் ஆகும். புகையோ மேகமோ மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் அது 480 கி.மீ. போய்விடுகிறது. காலையில் கண்ட புகையும் மாலையில் கண்ட புகையும் ஒன்றுதானா, வழியில் எங்கே திரும்பியது, எங்கே பிரிந்தது? ஒரு நாளைக்கு இரண்டு படங்களால் இதற்கு விடை சொல்ல முடியாது. ஓடும் பேருந்திலிருந்து ஒரு திருவிழாவை எட்டிப் பார்ப்பவன் கூட்டத்தைக் காண்பான். தேர் எப்படி நகர்ந்தது என்று சொல்ல மாட்டான்.

நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே இடம்தான் உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றி வரும். ஆகவே தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அந்த உயரத்தில் செய்தித் தொடர்புக்காகச் சில செயற்கைக் கோள்களை அமெரிக்கா ஏவத் திட்டமிட்டிருந்தது. ஆனால் அவை நிலையாக இருப்பதற்காகப் பம்பரம்போல் சுழன்றுகொண்டிருக்கும். நிமிடத்துக்குச் சுமார் நூறு சுற்று. சுழன்றுகொண்டே இருக்கும் மேடையில் காமிராவை வைத்தால் படம் கலங்கிப் போகாதா? இது பெரிய இடையூறு என்றே கருதப்பட்டது.

இங்கேதான் சுவோமியின் அறிவுத்திறன் சுடர்விட்டது. அந்தச் சுழற்சியை அவர் எதிர்த்துப் போராடவில்லை, வேலைக்கு அமர்த்திக்கொண்டார்! செயற்கைக் கோள் ஒருமுறை சுழலும்போது அதிலுள்ள சிறு தொலைநோக்கி பூமியின் குறுக்கே ஒரு மெல்லிய கோட்டைப் பார்த்துச் செல்லும். அடுத்த சுற்றில் தொலைநோக்கி இம்மியளவு சாய்ந்து, அடுத்த கோட்டைப் பார்க்கும். தறியில் ஊடை இழை ஒவ்வொன்றாக ஏறி ஆடையாவதுபோல், ஏறத்தாழ 2000 கோடுகள் சேர்ந்து இருபது நிமிடத்தில் வடதுருவப் பக்கமிருந்து தென்துருவப் பக்கம் வரை ஒரு முழுப் படம் உருவாகிவிடும். படத்தைக் கலைக்கும் என்று அஞ்சிய சுழற்சியே படத்தை நெய்தது. இதுவே சுழல் வருடு காமிரா. சுவோமியும் பேரண்டும் இணைந்து கண்ட அற்புதம் இது.

1966 டிசம்பரில் ஏ.டி.எஸ்.-1 என்னும் செயற்கைக் கோளில் ஏறி அக்காமிரா பசிபிக் பெருங்கடலின் மேல் நிலைகொண்டது. புயல்கள் பிறப்பதையும் வளர்வதையும் மனிதன் முதன்முறையாகத் தொடர்ந்து பார்த்தான். அடுத்த ஆண்டு நவம்பரில் ஏ.டி.எஸ்.-3 வண்ணப் படங்களையே அனுப்பியது.

படங்கள் நகரத் தொடங்கின

படங்கள் குவிந்தன. அடுத்தடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் திரைப்படம்போல் மேகங்கள் நகர்ந்தன. ஒரு மேகத் துண்டு அரைமணி நேரத்தில் எவ்வளவு தூரம் போயிற்று என்று அளந்தால் அந்த உயரத்தில் காற்றின் வேகமும் திசையும் தெரிந்துவிடும். கடலின் நடுவே காற்றளக்கும் நிலையம் ஏது? அந்தக் குறை இதனால் நீங்கியது. ஆனால் இத்தனை படங்களையும் கையால் அளப்பது நடக்கிற காரியமா? 1970களின் தொடக்கத்தில் சுவோமியும் அவருடைய குழுவினரும் மக்கிடாஸ் என்னும் கணிப்பொறி அமைப்பை உருவாக்கினார்கள். மனிதன் திரையைப் பார்த்துச் சுட்டிக்காட்ட, கணிப்பொறி படங்களைச் சரியாகப் பொருத்தி அளந்து சொல்லும். இன்று தொலைக்காட்சியில் மேகங்கள் நகர்வதைக் காண்கிறோமே, அதற்கு முன்னோடி இதுதான்.

இந்தப் பணி நம் நாட்டுக் கரையையும் தொட்டது. 1979இல் உலக நாடுகள் சேர்ந்து பெரியதோர் வானிலை ஆராய்ச்சியை நடத்தின. அதற்காக கோயஸ்-1 என்னும் அமெரிக்கச் செயற்கைக் கோளை இந்தியப் பெருங்கடலின் மேலே நகர்த்தி நிறுத்தினார்கள். அப்படங்களிலிருந்து பருவக்காற்றின் வேகத்தைக் கணக்கிட்ட இடம் சுவோமியின் மேடிசன் ஆய்வு நிலையமே. நம் வயல்களுக்கு மழை கொண்டுவரும் காற்றைச் சோள வயலில் கணக்குத் தொடங்கியவரின் குழு அளந்தது!

புகையை அறிவது எப்படி?

மேகத்தைப் பார்க்கும் கண்ணுக்குப் புகையை எப்படி அடையாளம் தெரியும்? இங்கேதான் ஒளியின் பல நிறங்களும் உதவிக்கு வருகின்றன.

மேகத்தின் நீர்த்துளிகள் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றாகவே திருப்பும். ஆகவே மேகம் வெண்மை. புகைத் துகள்கள் மிகச் சிறியவை. நீல ஒளியை அதிகம் சிதறடித்து, நீண்ட அலைகளைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். நீல ஒளிப் படத்தில் திரைபோல் தெரியும் ஒன்று அகச்சிவப்புப் படத்தில் மறைந்துபோனால் அது புகை அல்லது மங்கல் என்று கொள்ளலாம். கருங்கடலின் மேல் அது பளிச்சென்று தெரியும். வெண்மணலின் மேலும் பனியின் மேலும் எளிதில் தெரியாது. வடிவமும் சாட்சி சொல்லும். புகைக்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. அடுத்தடுத்த படங்களைப் பின்னோக்கி ஓட்டினால் அது எரியும் இடத்தில் போய் முடியும்.

எரியும் இடத்தையே நேராகக் காணவும் வழியுண்டு. பொருள் சூடாக ஆக அது வீசும் கதிர்களின் அலைநீளம் குறைகிறது என்று நாம் படிக்கிறோம். சாதாரணத் தரை 10, 11 மைக்ரான் அலைநீளத்தில் அதிகமாகக் கதிர் வீசும். காட்டுத்தீயோ 4 மைக்ரான் அளவில் கொழுந்துவிடும். ஆகவே பல கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு படப்புள்ளியின் சிறு மூலையில் தீ இருந்தாலும், 4 மைக்ரான் படத்தில் அப்புள்ளி திடீரென ஒளிரும். 11 மைக்ரான் படத்தில் அவ்வளவாக மாறாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தீயைக் காட்டிக்கொடுக்கும். சுவோமி ஊக்கமளித்து உருவாக்கிய அகச்சிவப்புக் கருவி ஒன்று 1980இல் கோயஸ்-4 செயற்கைக் கோளில் ஏறியது. அவ்வகைக் கருவியின் படங்களைக் கொண்டு மேடிசன் ஆய்வாளர்கள் தென் அமெரிக்கக் காடுகளில் மூட்டப்படும் தீயையும் அதன் புகையையும் கணிப்பொறியே கண்டுபிடிக்கும் முறையை வகுத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த ஆய்வுகள் வெளிவந்தபோது சுவோமி உயிரோடிருந்தார்.

விருதுகள் அவரைத் தேடி வந்தன. 1977இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அவருக்கு அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் பதக்கத்தை வழங்கினார். 1994இல் ஏவப்பட்ட கோயஸ்-8, பம்பரம்போல் சுழலாமல் நிலையாக நின்று பார்க்கும் புதிய வகையாக வந்தது. சுழல் காமிரா தன் கடமையை முடித்துக்கொண்டு விடைபெறத் தொடங்கியது. கருவி பழையதாகலாம், நின்று, இமைக்காமல், தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற கருத்து பழையதாகவில்லை. 1995 ஜூலை 30ஆம் நாள், தமது 79ஆம் வயதில், மேடிசன் நகரில் சுவோமி மறைந்தார்.

மறைந்தும் பார்க்கும் கண்

2011 அக்டோபர் 28ஆம் நாள் பூமியை ஆராயும் செயற்கைக் கோள் ஒன்று ஏவப்பட்டது. சில மாதங்களில் அதற்குச் சுவோமியின் பெயரைச் சூட்டினார்கள். 22 அலைவரிசைகளில் பார்க்கும் கருவி அதில் இருந்தது. 375 மீட்டர் அளவுள்ள படப்புள்ளியில் தீயின் இடத்தைக் குறித்துக் காட்டியது அது. புற ஊதாக் கதிரைக் கொண்டு உயரத்தில் செல்லும் புகையைக் காணும் கருவியும் உடனிருந்தது. இது துருவப் பாதையில் செல்லும் செயற்கைக் கோள். நுணுக்கமாகப் பார்த்துவிட்டுக் கடந்து செல்வது. அதே வேளையில் உச்சியில் நிலைத்து நிற்பவை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு பூமியையும் பார்க்கின்றன. ஒன்று கூர்மை, மற்றொன்று தொடர்ச்சி. இரண்டும் சேர்ந்தால்தான் புகையின் பயணம் முழுமையாகத் தெரியும்.

2023ஆம் ஆண்டு கனடாவில் மீண்டும் காடுகள் எரிந்தன. 1950இல் எரிந்ததைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு; சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர். ஜூன் 7ஆம் நாள் நியூயார்க் நகரத்தின் வானம் செம்மஞ்சள் நிறமாயிற்று. அம்மாத இறுதியில் சிக்காகோவையும், சுவோமி வாழ்ந்த விஸ்கான்சின் மாநிலத்தையும் புகை மூடியது. அட்லாண்டிக் கடலையும் அது கடந்தது. எல்லாம் 1950ஐப் போலவே நடந்தன. ஆனால் ஒன்று மட்டும் மாறியிருந்தது. கிரகணமோ, அணுகுண்டோ என்று யாரும் அஞ்சவில்லை. புகை எந்தக் காட்டிலிருந்து புறப்பட்டது, இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மணிக்கு மணி படங்கள் காட்டின. சுவோமியின் பெயர் தாங்கிய செயற்கைக் கோளும் அந்தப் புகையைப் பார்த்தது.

பார்ப்பதனால் புகை நின்றுவிடுமா என்று சிலர் கேட்கலாம். நிற்காது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் குறைகளும் உண்டு. புகை உயரத்தில் போகிறதா, நாம் மூச்சுவிடும் உயரத்துக்கு இறங்கிவிட்டதா என்பதை மேலிருந்து எடுத்த ஒரு படம் மட்டும் சொல்லிவிடாது. மேகம் மூடினால் கீழே நடப்பதும் தெரியாது. அதற்குத் தரையில் காற்றளக்கும் கருவிகளும் வேண்டும். என்றாலும் சில மணி நேர முன்னறிவிப்பின் மதிப்பைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. புகையில் உள்ள துகள்களுள் கொடியவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க மாட்டா. நுரையீரலின் ஆழம் வரை சென்று குருதியிலும் கலந்துவிடும். ஆஸ்துமா நோயாளிக்கும், கைக்குழந்தைக்கும், வயலில் வேலை செய்யும் தொழிலாளிக்கும், முன்கூட்டிக் கிடைக்கும் ஒரு செய்தி மருந்துக்குச் சமம். 1918இல் குளோக்கேயில் சாலை தெரியாமல் மாண்டவர்களுக்கு அந்தச் செய்தியைச் சொல்ல ஒருவரும் இல்லை.

மாணவத் தோழர்களே! பெரிய ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்தவரல்லர் சுவோமி. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். இருபத்தாறு வயதுக்குப் பிறகே தம் துறையைக் கண்டவர். கருவியை இருமுறை பறிகொடுத்தவர். நம் கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நமக்கு வாய்த்த மேடை ஆடுகிறதே, சுழல்கிறதே என்று நாம் வருந்துவதுண்டு. சுழலும் மேடை வேண்டாம் என்று சுவோமி ஒதுங்கியிருந்தால் புகையின் வழி இன்னும் பல ஆண்டுகள் தெரியாமலே இருந்திருக்கும். எது கிடைத்ததோ அதன் இயல்பை அறிந்து, அதையே கருவியாக்கிக்கொண்டார் அவர். ஒரு சுற்றுக்கு ஒரு கோடு. இரண்டாயிரம் சுற்றுக்கு ஒரு பூமி. பொறுமையுடன் அளப்பவனுக்கு உலகம் தன் முகத்தைக் காட்டும் என்பதே அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம்.